ஓடும்போதே இடம் மாறும் கம்ப்யூட்டர்: ஒரு சிறு வரலாறு

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது ஒரு வரலாற்றுக் கட்டுரை. கல்லூரியின் வரலாற்றை எழுத என்னைவிடத் தகுதியான மூத்தவர்கள் பல பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த தொழில் சர்வர் பராமரிப்பு. அதில் என்னய்யா வரலாறு என்று நண்பர்கள் சிரிக்கலாம். இருக்கிறது. நான் சொல்லப்போவது 2014ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி டெபியன் லினக்ஸ் குழுவினர் வெளியிட்ட ஒரு பாதுகாப்பு அறிவிப்பில் இருந்த ஒரு சிறு பத்தியின் வரலாறு. தீபாவளி முடிந்து ஒன்பதாம் நாள் வந்தது அது.

டெபியன் என்றதும் ஏதோ அயல்நாட்டுச் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பித்ததல்லவா? நம் செட்டில் பலர் முதன்முதலில் சொந்தமாகத் தொட்ட கம்ப்யூட்டர் அதுதான். அதில் விண்டோஸோடு கூடவே 'பாஸ்' என்று ஒரு லினக்ஸும் இருந்தது. (விண்டோஸில் படம் பார்த்தவர்கள் அதிகம், பாஸைத் திறந்தவர்கள் கொஞ்சம். அது வேறு கதை.) அந்த பாஸை உருவாக்கியது சென்னையில் உள்ள சி-டாக். அதற்கு அடித்தளம் டெபியன். ஆகவே பல்லடத்துப் பிள்ளைகளுக்கு டெபியன் ஒரு வகையில் தாய்வழி உறவு.

முதலில் வி.எம். என்றால் என்ன? ஒரே ஒரு நிஜக் கம்ப்யூட்டருக்குள் பல பொய்க் கம்ப்யூட்டர்களை ஓடவிடுவது. ஒவ்வொன்றும் தானே தனி மிஷின் என்று நம்பிக்கொண்டிருக்கும். புத்தகத் தமிழில் மெய்நிகர் இயந்திரம். அவற்றைத் தாங்குகிற நிஜ மிஷினுக்கு ஹோஸ்ட் என்று பெயர். யோசனை புதிதல்ல. ஐ.பி.எம். நிறுவனம் 1967லேயே இதை ஓட்டிக் காட்டிவிட்டது. 1972ல் வி.எம்.370 என்று விற்பனைக்கே அறிவித்தது. அப்புறம் பெரிய மிஷின்களின் காலம் மங்கி, மேஜைக் கம்ப்யூட்டர் காலம் வந்து, 1998ல் தொடங்கிய விஎம்வேர் கம்பெனி அதே யோசனையைச் சாதாரண இன்டெல் மிஷின்களுக்குக் கொண்டுவந்தது. 2003ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸென். அதே ஆண்டு பாப்ரிஸ் பெல்லார்டின் கியூ-எமு. 2007 பிப்ரவரியில் லினக்ஸ் கர்னல் 2.6.20 வந்தபோது அதற்குள்ளேயே கே.வி.எம். இருந்தது. இவ்வளவு போதும். பரீட்சைக்குப் படிக்கிற தம்பி தங்கைகள் மீதியைப் பாடப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

நமக்கு முக்கியமானது இதிலிருந்து பிறந்த ஒரு வித்தை. ஓடிக்கொண்டிருக்கிற வி.எம்.மை நிறுத்தாமலே ஒரு ஹோஸ்டிலிருந்து இன்னொரு ஹோஸ்டுக்கு நகர்த்துவது. விஎம்வேர் 2003ல் இதைச் செய்து காட்டியது. ஸென் குழுவினர் 2005ல் இதன் உள்விவரங்களை ஓர் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். அதில் ஒரு வேடிக்கை: ஆறு பேர் விளையாடிக்கொண்டிருந்த ஒரு துப்பாக்கி விளையாட்டு சர்வரையே நகர்த்திக் காட்டினார்கள். வி.எம். நின்ற நேரம் வினாடியில் நூற்றில் ஆறு பங்கு, அதாவது 60 மில்லி செகண்டு. கண் சிமிட்டுகிற நேரத்துக்கும் குறைவு.

எப்படி? வி.எம். ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் புது இடத்துக்குக் காப்பி எடுப்பார்கள். காப்பி எடுக்கும் நேரத்தில் அது சில பக்கங்களை மாற்றி எழுதியிருக்கும். அவற்றை மட்டும் மறுபடி காப்பி. மறுபடி மாறியவற்றை மறுபடி. மிச்சம் கொஞ்சமே என்று ஆனதும் ஒரு கணம் நிறுத்தி, கடைசிக் கொஞ்சத்தையும் அனுப்பி, அந்தப் பக்கம் எழுப்பிவிடுவார்கள். உள்ளே இருக்கிற சாஃப்ட்வேருக்குத் தான் ஊர் மாறியதே தெரியாது.

தெரியாது என்பதுதான் இதன் பெருமை. தொல்லையும் அங்கேதான் இருக்கிறது.

வி.எம்.முக்குள் ஒரு பொய் நெட்வொர்க் கார்டு இருக்கும். ஆரம்பத்தில் நிஜக் கார்டுகளை அப்படியே பாவனை செய்தார்கள், மெதுவாக இருந்தது. ரஸ்டி ரஸ்ஸல் என்ற ஆஸ்திரேலியர், 'இது பொய்க் கார்டுதான் என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டு, வேகமாகப் பேசிக்கொள்ளட்டுமே' என்று விர்ட்-ஐஓ என்ற முறையை வகுத்தார். 2008 ஜனவரியில் வந்த கர்னல் 2.6.24ல் அது சேர்ந்தது. இதில் ஓர் அழகான சம்பிரதாயம் உண்டு. வி.எம். பூட் ஆகும்போது ஹோஸ்ட் தன்னால் முடிந்த வசதிகளை ஒரு பட்டியலாக நீட்டும். ஒவ்வொரு வசதிக்கும் ஒரு பிட். வி.எம்.முக்குள் இருக்கிற டிரைவர் அதில் தனக்குத் தெரிந்தவற்றை டிக் அடித்துத் திருப்பித் தரும். ஒப்பந்தம் முடிந்தது. அந்தக் கார்டை ரீசெட் செய்கிற வரைக்கும் அதை மறுபடி பேசுவதில்லை.

ஓடுகிற வி.எம்.மை நகர்த்தும்போது ரீசெட் கிடையாது. ஆகவே மறுபேச்சும் கிடையாது. பழைய ஹோஸ்ட் கொடுத்த வாக்கைப் புது ஹோஸ்ட் அப்படியே காப்பாற்ற வேண்டும். கியூ-எமு இதை நன்றாகத் தெரிந்துதான் வைத்திருந்தது. வந்து இறங்குகிற வி.எம்.மின் டிக் பட்டியலைப் பார்க்கும். அதில் ஒரு பிட் தன்னிடம் இல்லை என்றாலும் 'இந்த வசதி எனக்கில்லை' என்று பிழை எழுதிவிட்டு மறுத்துவிடும். நல்லவேளை, அப்படி மறுத்தால் வி.எம். சாவதில்லை, பழைய இடத்திலேயே தொடர்ந்து ஓடும்.

இனி அந்தப் பிட் எது என்று பார்ப்போம். அதன் பெயர் யு.எஃப்.ஓ. பறக்கும் தட்டு அல்ல. யு.டி.பி. என்ற வகைப் பாக்கெட்டைத் துண்டு போடுகிற வேலையைக் கடைசி நிமிஷம் வரை தள்ளிப்போட்டு, கார்டிடமே விட்டுவிடுகிற வசதி. ஈதர்நெட் கம்பியில் ஒரு தடவைக்கு 1500 பைட்தான் போகும். பெரிய பாக்கெட்டாக இருந்தால் உடைத்துத்தான் அனுப்ப வேண்டும். உடைக்கிற வேலையைக் கார்டு செய்தால் சி.பி.யு.வுக்கு மிச்சம். லினக்ஸில் இதை 2005ல் நெட்டெரியான் என்ற கார்டு கம்பெனியின் பொறியாளர் ஆனந்த ராஜு எழுதிச் சேர்த்தார். கர்னல் சரித்திரத்தில் அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம். விர்ட்-ஐஓ நெட்வொர்க் கார்டிலும் இந்த வசதிக்கு இரண்டு பிட் ஒதுக்கினார்கள். வி.எம். பெறுகிற திசைக்கு 10ஆவது, அனுப்புகிற திசைக்கு 14ஆவது.

உடைத்த துண்டுகள் மறுமுனையில் ஒன்று சேர வேண்டுமே? அதற்கு அடையாள எண். நம் ஊரில் லாரி ஆபீஸ் பார்க்காதவர் கிடையாது. ஒரு பார்ட்டிக்குப் பத்து பண்டல் அனுப்பினால் பத்திலும் ஒரே எல்.ஆர். நம்பர் எழுதியிருப்பார்கள். இறங்குகிற ஊரில் நம்பரைப் பார்த்துச் சேர்த்து வைப்பார்கள். பழைய ஐ.பி. 4ஆம் பதிப்பில் ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் அந்த நம்பருக்கு நிரந்தரமாக இடம் உண்டு. 6ஆம் பதிப்பில் கிடையாது. வழியில் இருக்கிற ரவுட்டர்கள் யாரும் பண்டலைப் பிரிக்கக் கூடாது, அனுப்புகிறவரே பிரிக்கட்டும் என்பது அதன் சட்டம். ஆகவே பிரித்தால் மட்டும் நம்பர் எழுதிய ஒரு தனித் துண்டுச்சீட்டு சேரும்.

இப்போது சிக்கலைப் பாருங்கள். வி.எம். ஒரு பெரிய 6ஆம் பதிப்புப் பாக்கெட்டை 'நீயே உடைத்துக்கொள்' என்று ஹோஸ்டிடம் தள்ளுகிறது. இன்னும் உடைக்கவில்லை, ஆகவே அதில் நம்பர் இல்லை. கூடவே விர்ட்-ஐஓ வைக்கிற பத்து பைட் சீட்டிலும் நம்பர் எழுத இடம் வைக்கவில்லை. யாருக்கும் தோன்றவில்லை. அப்படியானால் நம்பர் போடுவது யார்? 2014 இலையுதிர் காலத்துக் கர்னலில் யாரும் போடவில்லை. எல்லாப் பாக்கெட்டுக்கும் பூஜ்யம். எல்லாப் பார்ட்டியின் பண்டலுக்கும் ஒரே எல்.ஆர். நம்பர் எழுதினால் இறங்குகிற ஊரில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டெபியன் 7ன் 3.2 கர்னலிலோ நிலைமை இன்னும் மோசம். அங்கே இந்த இடத்தில் ஒரு வி.எம். அனுப்புகிற பாக்கெட்டால் ஹோஸ்டே விழுந்துவிடும். ஒரு வாடகைக்காரர் நினைத்தால் மொத்தக் கட்டடத்தின் ஃபியூஸையும் பிடுங்கலாம் என்கிற மாதிரி. சி.வி.இ. 2014-7207 என்று அதற்கு எண் கொடுத்தார்கள்.

சரிசெய்தவர் பென் ஹட்சிங்ஸ். கர்னல் குழு, டெபியன் இரண்டிலும் வேலை பார்த்தவர். அவர் கையில் இருந்த சங்கடம் இது: தப்பு 6ஆம் பதிப்பில் மட்டும். ஆனால் யு.எஃப்.ஓ. பிட்டில் 4, 6 என்ற பிரிவே கிடையாது. ஒன்றை மட்டும் அணைக்க சுவிட்ச் இல்லை. ஆகவே மொத்தமாக அணைத்தார். சரியான தீர்வு கிடைக்கும் வரைக்கும் என்ற நிபந்தனையோடு.

அந்தத் திருத்தத்தை வெளியிட்ட டெபியன் அறிவிப்பில்தான் நான் சொன்ன சிறு பத்தி இருந்தது. சாரம் இவ்வளவுதான். இந்தத் திருத்தம் யு.எஃப்.ஓ.வை அணைக்கிறது. ஆகவே பழைய கர்னல் ஓடுகிற ஹோஸ்டிலிருந்து, இந்தப் புதுக் கர்னல் ஓடுகிற ஹோஸ்டுக்கு, விர்ட்-ஐஓ நெட்வொர்க் கார்டு உள்ள வி.எம்.மை ஓடும்போதே நகர்த்தினால் தோல்வி அடையும். அதை முதலில் ஷட்டவுன் செய்துதான் மாற்ற வேண்டும்.

இதன் தலைகீழ்த்தனம் கவனிக்கத்தக்கது. பழையதிலிருந்து புதியதற்குப் போவது சுலபம், புதியதிலிருந்து பழையதற்குத் திரும்புவதுதான் கஷ்டம் என்பது எங்கள் தொழிலில் பொது விதி. இங்கே நேர்மாறு. புது ஹோஸ்டில் பிறந்த வி.எம்.முக்கு யு.எஃப்.ஓ. என்ற வாக்கே கிடைத்திருக்காது. அது பழைய ஹோஸ்டுக்குத் தாராளமாகப் போகலாம். பழையதில் பிறந்தது புதியதற்கு வர முடியாது.

இன்னொன்று. கியூ-எமுவில் மிஷின் டைப் என்று ஓர் ஏற்பாடு உண்டு. 'நான் 1.1 பதிப்புக் காலத்து மிஷின்' என்று வி.எம். சொன்னால், கியூ-எமுவின் புதுப் பதிப்பும் பழைய வேஷம் போட்டுக்கொண்டு அதே மாதிரி நடந்துகொள்ளும். பதிப்பு மாறினாலும் நகர்த்தல் கெடக்கூடாது என்பதற்காகவே செய்தது. ஆனால் யு.எஃப்.ஓ. கியூ-எமுவின் சொந்தச் சொத்து அல்ல. ஹோஸ்ட் கர்னலில் உள்ள 'டேப்' என்ற சாதனத்திடம் கேட்டு, அது சரி என்றால்தான் கியூ-எமு தன் பட்டியலில் சேர்க்கும். வேஷம் எவ்வளவு கச்சிதமாகப் போட்டாலும், கர்னல் கையை விரித்தால் கியூ-எமு என்ன செய்யும்? வாக்குக் கொடுத்தது ஒருவர், பொருள் இருந்தது இன்னொருவரிடம். இந்த இடைவெளியை அதுவரை பெரிதாக யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அப்போது நான் கோவையில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பெயர் வேண்டாம். நாலு ஹோஸ்ட், முப்பத்துச் சொச்சம் வி.எம். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கத்துக்காரர்கள். நூல் ஸ்டாக், கூலிக் கணக்கு, பில் எல்லாம் எங்களிடம். என் சீனியர் அந்த அறிவிப்பைப் பிரின்ட் எடுத்து, அந்தப் பத்தியின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டுச் சுவரில் ஒட்டினார். மேலாளர் விரும்பவில்லை. 'நிறுத்தாமல் மாற்றுவோம் என்று சொல்லித்தானே காண்ட்ராக்ட் பிடித்தோம், திருத்தம் போடாமலே இருந்தால் என்ன?' என்றார். போடாவிட்டால் ஏதாவது ஒரு வாடிக்கையாளரின் வி.எம். மற்ற எல்லாரையும் சேர்த்துக் கீழே தள்ளலாம். போட்டால் எல்லாருக்கும் போன் செய்து 'கொஞ்ச நேரம் நிறுத்துகிறோம்' என்று சொல்ல வேண்டும். நடுவழி இல்லை.

போன் செய்கிற வேலை எனக்கு வந்தது. பல்லடத்துப் பெரியவர் ஒருவர், விசைத்தறித் தொழிலில் முப்பது வருஷப் பழக்கம் உள்ளவர், நிதானமாகக் கேட்டார்.

"ஏனுங் தம்பி, நிறுத்தாம மாத்தலாம்னு சொல்லித்தான காசு வாங்குனீங்க?"

"மாத்தலாமுங்க. இந்த ஒரு தடவை மட்டும் முடியாதுங்க. பழைய மிஷின்ல இருந்த ஒரு வசதி புது மிஷின்ல எடுத்துட்டாங்க. உங்க சாஃப்ட்வேர் அது இருக்குதுன்னு நெனச்சு ஓடிட்டு இருக்குது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் தறிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. அப்புறம் சொன்னார்: "அகலத் தறில ஏத்துன பாவு, குறுகல் தறில ஏறாது. அப்படித்தானுங்?"

"அப்படியேதானுங்க."

"குறுகல் பாவு அகலத் தறில ஏறும்."

"அதுவும் சரிதானுங்க."

"அப்ப அறுத்துட்டுப் புதுசாத்தான் பாவு போடோணும். ஞாயித்துக்கெழமை ராத்திரி பண்ணிக்கங்க. ஆனா ஒண்ணு, தறி நின்னு ஓடுனா துணில கோடு விழுகும். கணக்குல கோடு விழுகாம பாத்துக்கங்க."

இத்தனை பக்கம் நான் விளக்கியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில் எல்லா வி.எம்.மையும் ஒவ்வொன்றாக ஷட்டவுன் செய்து, புதுக் கர்னலில் எழுப்பினோம். ஒவ்வொன்றுக்கும் சில நிமிஷம். கணக்கில் கோடு விழவில்லை.

டெபியன் செய்தது நியாயமா என்று இன்றைக்கும் எங்கள் வட்டாரத்தில் விவாதம் உண்டு. என் அபிப்பிராயம், நியாயம்தான். ஹோஸ்டையே வீழ்த்துகிற ஓட்டையை அடைத்தாக வேண்டும். உடையப்போவது எது என்பதையும் மறைக்காமல், உடைவதற்கு முன்னாலேயே, செய்ய வேண்டியதையும் சேர்த்துச் சொன்னார்கள். அதே காலத்தில் காசு வாங்கிக்கொண்டு சாஃப்ட்வேர் விற்ற எத்தனை பேர் இப்படி ஒரு பத்தி எழுதினார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

ஆனால் கர்னலின் மூலப் பதிப்பில் இது நிலைக்கவில்லை. 2014 டிசம்பரில் கர்னல் 3.18 யு.எஃப்.ஓ. இல்லாமல் வெளிவந்தது. நகர்த்தல் தோல்வி அடைகிறது என்ற புகார்கள் எழுந்தன. ரெட் ஹேட்டில் இருந்த விளாத் யாசெவிச் வேறு வழி தேடினார். வி.எம். நம்பர் தராவிட்டால் போகட்டும், துண்டு போடுகிற இடத்திலேயே ஹோஸ்ட் ஒரு நம்பரைத் தேர்ந்தெடுத்து எழுதிக்கொள்ளட்டும். லாரி ஆபீஸ் குமாஸ்தாவே எல்.ஆர். போடுவது போல. அது அமைந்ததும், 2015 பிப்ரவரியில் பழைய தடையை ரத்து செய்து யு.எஃப்.ஓ.வைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கதை சுபம் என்று நினைத்தோம்.

இரண்டரை வருடம்கூட ஆகவில்லை. 2017 ஜூலையில் லினக்ஸ் நெட்வொர்க் பகுதியின் தலைமைப் பராமரிப்பாளர் டேவிட் மில்லர் யு.எஃப்.ஓ.வை முழுவதுமாக நீக்கினார். காரணம் இருந்தது. நிஜக் கார்டுகளில் இந்த வசதி உள்ளவை அநேகமாக இல்லாமல் போயிருந்தன. யாருக்காக இந்தச் சுமை? அடுத்த மாதமே அதே யு.எஃப்.ஓ. வழியில் இன்னொரு பாதுகாப்பு ஓட்டை, சி.வி.இ. 2017-1000112, அம்பலமானபோது நீக்கியது சரிதான் என்றே பலருக்கும் பட்டிருக்கும். நவம்பர் 12ஆம் தேதி கர்னல் 4.14 வெளியானது. பல வருடம் பராமரிக்கப்படும் என்று அறிவிக்கப்பட்ட பதிப்பு அது. ஆகவே எல்லாரும் அதை நோக்கித்தான் நகர்வார்கள். நகர்ந்தார்கள். வி.எம். நகரவில்லை.

அதே பிட். அதே பிழைச் செய்தி. 2014ல் அவசரம் என்று சொல்ல இடம் இருந்தது. 2017ல் அதுவும் இல்லை. தடை போட்ட வரலாறும், ரத்து செய்த வரலாறும், அதன் காரணமும் கர்னலின் சொந்தப் பதிவேட்டிலேயே எழுதியிருந்தன. நீக்கியவர்கள் கார்டுகளைத்தான் எண்ணினார்கள். வாக்கை வாங்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்த வி.எம்.களை யாரும் எண்ணவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த மாதக் கடைசிக்குள் கூகுளைச் சேர்ந்த வில்லெம் டி பிரெய்ன் ஒரு திருத்தம் அனுப்பினார். யு.எஃப்.ஓ.வை ஹோஸ்ட் தானாக உபயோகிக்க வேண்டாம். ஆனால் டேப் வழியாக வி.எம். அப்படி ஒரு பாக்கெட்டைத் தள்ளினால் ஏற்றுக்கொண்டு, சாஃப்ட்வேரிலேயே உடைத்து அனுப்பட்டும். கேட்டால் 'உண்டு' என்று சொல்லட்டும். அவர் எழுதிய விளக்கத்தின் சாரம்: வி.எம். மறுபடி பேரம் பேசுவதில்லை, ஆகவே கிளம்பிய ஹோஸ்ட் காட்டிய வசதிகள் அத்தனையையும் சேருகிற ஹோஸ்டும் காட்டியாக வேண்டும். 2018 ஜனவரியில் வந்த 4.15ல் அது இருந்தது. 4.14ன் திருத்த வெளியீடுகளிலும் சேர்த்தார்கள். கார்டு உலகில் வழக்கொழிந்த ஒரு வசதி, பழைய வாக்குக்காக மட்டும் கர்னலில் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் 2023 பிப்ரவரியில் வந்த கர்னல் 6.2ல் டேப் சாதனத்துக்கு ஒரு புது வசதி சேர்ந்தது. யு.எஸ்.ஓ. இது ஒரு பாக்கெட்டைத் துண்டு போடுவதில்லை. ஒவ்வொரு பங்கையும் தனித் தலைப்போடு முழுப் பார்சலாகவே கட்டி அனுப்புகிறது. ஆகவே பொது எல்.ஆர். நம்பர் பிரச்சினையே இல்லை. வி.எம். பெறுகிற திசையில் 4ஆம் பதிப்புக்கு ஒரு பிட், 6ஆம் பதிப்புக்கு வேறு பிட் என்று பிரித்தும் வைத்தார்கள். 2023 டிசம்பரில் கியூ-எமு 8.2 இதை எடுத்துக்கொண்டது, 8.1 வரையிலான மிஷின் டைப்களுக்கு மட்டும் அணைத்தே வைத்தது. 8.2 என்று பிறந்த வி.எம்., 6.2 கர்னல் உள்ள ஹோஸ்டில் யு.எஸ்.ஓ.வுக்கு டிக் அடித்துவிட்டு, கியூ-எமு புதிதாக, கர்னல் மட்டும் பழையதாக உள்ள பக்கத்து ஹோஸ்டுக்குப் போனால் என்ன ஆகும்? நம் மாணவத் தம்பிகள் இரண்டு பழைய லேப்டாப்பில் செய்து பார்க்கலாம். பாஸ் லினக்ஸ் இருந்த அந்த லேப்டாப்புகளில் ஒன்றிரண்டு இன்னும் யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கும்.